கம்பத்தடியில் வந்த எரிமலை

என் ஓரகத்தியின் சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புக் கல் பல வருடம் இருந்தது. கல் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கொதித்த வெல்லப்பாகு அப்படியே உறைந்துபோனது மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பாட்டில் கண்ணாடியாக மின்னும், மறுபக்கம் ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் எங்கள் மண்ணில் கல் கிடையாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான். மாங்காய் அடிக்கக்கூடப் பிள்ளைகள் மண்ணாங்கட்டியைத் தேடும் ஊர். அங்கே ஒரு கல் உருகி வழிந்தது என்றால் ஊர் சும்மா இருக்குமா?

ஓரகத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு குடியிருந்தோம். அவளுக்குப் பயம் என்பதே தெரியாது. நான் அதற்கு நேர் எதிர். ஏழாம் வகுப்போடு நின்றவள், அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். மழைக்காலத்தில் என் வாய் ஓயாது. அதனால் நான் சொல்வதை யாரும் காதில் வாங்குவதும் கிடையாது.

சம்பா நடவு முடிந்து, அடைமழை சற்று விட்டிருந்த ஒரு காலை. எங்கள் வரப்போரம் நின்ற கரண்டு கம்பத்தின் அடியில் மண் தளதளவென்று கொதித்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து தரைக்கு இறங்கும் கம்பி செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. அதைச் சுற்றிச் சேறு நெருப்புக் குழம்பாகப் பொங்கி, புகைந்து, வழிந்தது. "கரண்டு எறங்குது, கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் யாரோ ஒரு பையன் படம் பிடித்து, 'எங்க ஊர்ல எரிமலை' என்று போனில் ஏற்றிவிட்டான். சற்று நேரத்தில் லைன் தானாகவே நின்று, மண் கறுத்து இறுகியது. மத்தியானத்துக்குள் கூட்டம் வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஐஸ் வண்டி வந்தது. தாலுகா ஆபீஸ் ஜீப்பும் வந்தது.

லைன்மேனும் வராமல் இல்லை. உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் வெடிப்பு விட்டிருப்பதைக் கீழே நின்றே காட்டினார். "இப்பவே மாத்திடுங்களேன் தம்பி" என்றேன். "மாத்தலாம்மா. பெரிய ஆபீசர் வந்து எரிமலையைப் பாக்குற வரைக்கும் கம்பத்துல கை வைக்கக் கூடாதுங்குறாங்க. நான் என்ன பண்ண?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் டிவி ஓடவில்லை என்று ஊரே சத்தம் போட, அதே வெடித்த பீங்கானோடு லைனைப் போட்டுவிட்டார்கள். வெயில் காய்ந்ததால் கம்பம் ஒன்றும் தெரியாததுபோல நின்றது. நான்தான் அதைக் கண்டு எட்டச் சுற்றிப் போனேன்.

சென்னையிலிருந்து வந்த பாறை ஆபீசர் சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளை. வரப்பில் நின்று ஆசையாக விளக்கினார். எரிமலையில் பல வகை உண்டாம். ஒரு வகை வெடிக்காமல் குழம்பைச் சாவகாசமாக வழியவிட்டு, கவிழ்த்த தாம்பாளம் போல அகலமாகப் படருமாம். இன்னொரு வகை கூம்பாக உயர்ந்து, அடைத்துக்கொண்டு வெடித்து, சாம்பலையும் கல்லையும் வாரி இறைக்குமாம். பூமிக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறிய குழம்பில் பரல், அதாவது கல்லுக்குள் மினுங்கும் மணி, பெரிதாக விழும், தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கருங்கல் அந்த ஜாதி என்றார். வெளியே வந்து சட்டென்று ஆறினால் பரல் கட்ட நேரமிருக்காது, கண்ணாடியாகிவிடும். கம்பத்தடியில் ஓரகத்தி பொறுக்கி வைத்திருந்த துண்டை வாங்கிக் காட்டி, "இதுவும் சட்டுனு ஆறுனதுதான். ஆனா பூமிக்குள்ளேருந்து வரலை. கரண்டு உருக்குன உங்க வயல் மண்ணு" என்றார்.

"அப்ப எங்க ஊருக்கு எரிமலை வராதா சார்?" என்று ஓரகத்தி கேட்டாள். கல்யாணம் நின்றுபோன வீட்டில் கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"வராதும்மா, நிம்மதியா இருங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் முண்டியடித்துப் போய், "அந்தக் கரண்டை யார் சார் நிறுத்துறது?" என்றேன். "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்களே. ரிப்போர்ட்ல எழுதிடறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. எரிமலையா இல்லையா என்று கேட்டு அனுப்பினார்கள், இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லை என்றதும் ஊருக்குப் பயம் விட்டுப்போயிற்று. என் வயிற்றெரிச்சல் அதுதான். கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டால், "அதான் எரிமலை இல்லைன்னுட்டாங்களே, அப்புறம் என்னம்மா?" என்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை தூறல் போட்டது. அம்மன் சூடு தணியாமல் வெளியே வந்திருக்கிறாள், குளிர வைக்க வேண்டும் என்று ஓரகத்தி மஞ்சள் தண்ணீர் கரைத்துக் குடத்தில் எடுத்துக்கொண்டாள். மறு கையில், மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் சினைப்பசு லெச்சுமியின் கயிறு. வெறுங்கால். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, மண்ணு நனைஞ்சு கெடக்கு. பீங்கானை இன்னும் மாத்தலைக்கா. தண்ணி ஊத்தாதீங்க."

"ஒனக்கு எலி ஓடுனாலும் நெலநடுக்கம்டி. போய் ஒலையைப் பாரு."

"செருப்பாவது போட்டுக்கிட்டு வாங்கக்கா."

"செருப்பு போட்டுக்கிட்டு சாமி கும்புடுறதா? நல்ல எடத்துலதான் பொண்ணெடுத்தாங்க, போ!"

கம்பம் நெருங்கிவிட்டது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டேன். விடுடி என்று அவள் திமிறியதில் மாட்டுக் கயிறு நழுவியது. பசு கம்பத்தடிப் புல்லுக்கு ஆசைப்பட்டு முன்னே போனது. கத்தக்கூட இல்லை. முன்னங்கால் மடிந்து அப்படியே சரிந்தது. குடத்தைப் போட்டுவிட்டு அவள் மாட்டை நோக்கிப் பாய்ந்தாள். முந்தானை என் இரண்டு கைக்குள்ளும் இருந்ததால்தான் நின்றாள்.

அன்று பிற்பகல் லைன்மேன் வந்தார். ஏறினார், பீங்கானை மாற்றினார், இறங்கினார். ஒரு டீ ஆறுகிற நேரம். செத்த மாட்டைப் பார்த்துக்கொண்டே அவர் ஏணியைக் கட்டியது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஓரகத்தி அழுது முடித்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம் என்னைக் கை காட்டினாள். "இவ கருநாக்குதான். வாய வச்சா, என் லெச்சுமி போயிட்டா." கூட்டம் தலையாட்டியது. பயந்து சொன்னதால் நடந்தது என்று ஆகிவிட்டது. நடக்கப்போவதால்தான் பயந்தேன் என்று யாருக்கு எப்படிப் புரியவைப்பது? சாகும்வரை அவள் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழை நாளில் வயலுக்குப் போகும்போதெல்லாம், வாசலில் நின்று என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் இறங்கினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவள் போய் வருடமாகிறது. இந்த ஐப்பசியில் ரேஷன் கடைத் திருப்பத்திலுள்ள கம்பம், தூறல் விழுந்தால் சிடுசிடுவென்கிறது. போன் போட்டேன். "எரிமலை அம்மாவா பேசுறது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். இன்று காலையில் நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்கு எட்ட நின்று, அரிசி வாங்க வந்தவர்களை எல்லாம் சுற்றிப் போகச் சொன்னேன். "சின்னம்மா, குழம்பு பொங்குதா?" என்று கேலி பேசிக்கொண்டே சுற்றிப் போனார்கள். லைன்மேன் இன்னும் வரவில்லை.