டிரைவர் பக்கத்து விளக்கு

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அன்றைக்கு எனக்கு வகுப்பு இருந்தது. வகுப்புக்குப் போகாமல், அதே ஊர்க் கோர்ட்டில், கடைசி பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கூண்டில் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கம். அப்பா சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். பன்னிரண்டாவது முடித்ததும், வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல ஏதாவது ஒரு டிகிரிய முடி. லா அப்புறம் மூணு வருசம் படிச்சுக்கலாம். விழுப்புரத்துலயே காலேஜ் இருக்குது, வூட்டுலேர்ந்தே போய்க்கினு வந்துக்கினு இருக்கலாம்" என்றார். எந்த டிகிரி என்று வந்தபோது, பிடித்த பாடம் என்பதால் கணிதத்தை எடுத்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. "வக்கீலுக்குப் போறவ சரித்திரம் படிப்பா, இங்கிலீசு படிப்பா. நீ இன்னாத்துக்கு கணக்கு? கோர்ட்டுல போயி கூட்டிக் கழிக்கப் போறியா?" என்று என் சித்தப்பா கல்யாண வீடுகளில் எல்லார் முன்னாலும் கேட்பார். எனக்கே அப்போது பதில் தெரியாது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

முதல் வருடத்தில்தான் அந்த விபத்து நடந்தது. மரக்காணம் போகிற ரோட்டில், பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வருகிற நேரம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். வேகமாக வந்த ஒரு வண்டி அவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கொஞ்ச தூரம் தள்ளிப் பஞ்சர் கடை வைத்திருந்தவர் மட்டும்தான் அந்த வண்டியைப் பார்த்தவர். வெள்ளை நிறக் குட்டி யானை, அதில் இடது பக்க விளக்கு எரியவில்லை என்று போலீஸில் சொன்னார். குட்டி யானை என்றால் தெரியும்தானே, காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிற சின்ன லோடு வண்டி. என் அண்ணன் ஓட்டியதும் அதுதான். அதுவும் வெள்ளை. முந்தின வாரம் சவுக்குக் கட்டை ஏற்றப் போன இடத்தில் ஒரு கட்டை உருண்டு வந்து அவன் வண்டியின் இடது விளக்கை உடைத்திருந்தது. மாற்ற நேரமில்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தான். விபத்து நடந்த சாயங்காலம் அதே ரோட்டில்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். கூட யாரும் இல்லை. இதற்குமேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாளே போலீஸ்காரர்கள் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஜாமீனில் வந்தான். வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று டயரெல்லாம் மண்ணோடு படிந்துவிட்டது. அண்ணன் மற்றவர்கள் வண்டிக்கு மூட்டை தூக்கப் போனான். பேசி வைத்திருந்த பெண் வீட்டார், கேஸ் முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல், "டேய், நெசமாவே நீ இடிக்கலதானே?" என்றார்.

"ம்மா, ஒரு நாயி குறுக்க வந்தாலே நிறுத்துறவன் நானு" என்றான் அண்ணன். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டான்.

நான் கேட்டதேயில்லை. கேட்டால் அவன் சொல்கிற பதிலை நம்ப வேண்டும். ஒருவேளை என்னால் நம்ப முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இறந்துபோனவருடைய மனைவிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பெண் பிள்ளை. கேஸ் நடக்கிற ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் தவறாமல் வந்துவிடுவார். எங்கள் இரண்டு ஊருக்கும் ஒரே டவுன் பஸ். நாங்கள் ஏறும்போது அவர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். எங்களைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் பயங்கரக் கூட்டம். அவர் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. திண்டிவனம் வருகிறவரை அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டேதான் வந்தார்.

வாய்தா மேல் வாய்தா தள்ளிப்போய், நான் கடைசி வருடம் வந்த பிறகுதான் அந்தப் பஞ்சர் கடைக்காரர் சாட்சி சொல்ல வந்தார். நான் ஆரம்பத்தில் சொன்ன நாள் அதுதான்.

அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அரசு வக்கீல் கேட்கக் கேட்க நிதானமாகச் சொன்னார். "கடைக்கு வெளிய நின்னுக்கினு இருந்தேன் சார். டமால்னு சத்தம். திரும்பிப் பாத்தா வெள்ளை வண்டி ஒண்ணு எனக்கு எதுக்க ஜல்தியா வந்துக்கினு இருக்குது. ஒரு லைட்டுதான் எரியுது. இடது பக்கம் எரியல" என்று சொல்லிக்கொண்டே இடது கையை முன்னால் நீட்டிக் காட்டினார்.

அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன்.

கணிதம் படித்தவர்களுக்கு இது புரியும். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் குறித்துக்கொள்ளாமல் இடது, வலது என்று எழுதினால் கணக்கு முழுக்கச் சரியாகப் போட்டிருந்தும் விடை தலைகீழாக வந்து நிற்கும். அந்தத் தப்பை நான் செமஸ்டர் தேர்வில் செய்து மார்க் இழந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அவர் கை நீண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டி அவருக்கு எதிரே வந்திருக்கிறது. அவருக்கு இடது கைப் பக்கம் என்றால் வண்டிக்கு அது வலது பக்கம். அண்ணன் வண்டியில் உடைந்திருந்தது இடது பக்கம்.

மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சரிபார்த்தேன். எழுந்து, குனிந்தபடி எங்கள் வக்கீலம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போனேன். கோர்ட் ஊழியர் ஒருவர் "யாரும்மா அது, போய் உக்காரு" என்று அதட்டினார். வக்கீலம்மாவும் முகம் சுளித்தார். அவர் காதில் மட்டும் சொன்னேன்: "மேடம், அவர் அவரோட இடது கையக் காட்டறாரு. வண்டியோட இடது இல்ல." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அரசு வக்கீல் முடித்ததும் எழுந்தார்.

குறுக்கு விசாரணையில் சுற்றி வளைக்கவில்லை. "வண்டி உங்களுக்கு எதிர்ல வந்துச்சா, உங்களுக்கு முதுகு காட்டிப் போச்சா?"

"எதுக்கதாங்க வந்துச்சு."

"எரியாத லைட்டு உங்களுக்கு எந்தக் கைப் பக்கம்?"

மறுபடியும் இடது கையை நீட்டினார்.

"சரி. அது அந்த வண்டியில டிரைவர் உக்கார்ற பக்கமா, கிளீனர் உக்கார்ற பக்கமா?"

பஞ்சர் கடைக்காரர் சாட்சிக் கூண்டுக்குள்ளேயே நீதிபதிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் வைத்துப் பார்த்தார். திரும்பினபோது அவர் முகம் மாறியிருந்தது.

"டிரைவர் பக்கம்ங்க" என்றார். "டிரைவர் பக்கத்து லைட்டுதாங்க எரியல. இடதா வலதான்னுதான் ஸ்டேசன்ல கேட்டாங்க. டிரைவர் பக்கமான்னு யாருமே கேக்கலீங்க."

அண்ணன் வண்டியைச் சோதித்த அதிகாரி, டிரைவர் பக்கத்து விளக்கு பழுதில்லாமல் எரிகிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றுவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று முதலில் புரியவில்லை. நான் சொன்னதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் அண்ணனிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி நெஞ்சை விட்டு இறங்கியது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அண்ணனை விடுதலை செய்தார்கள். அப்பா வக்கீலம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் என்னைக் காட்டி, "உங்க பொண்ணக் கும்பிடுங்க" என்றார். சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சித்தப்பாகூட என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் அவர் வந்தார். இறந்தவருடைய மனைவி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வக்கீலம்மாவின் காதில் நான் பேசியதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்.

"நீதானம்மா அன்னிக்குச் சொன்னது?"

ஆமாம் என்று தலையாட்டினேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ யாரும்மா இடிச்சது?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நிஜமாகவே நம்பிக் கேட்டதுபோல இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கணிதத்தில் ஒன்று இல்லை என்று நிரூபித்துவிட்டால் அத்தோடு பேனாவை மூடிவிடலாம். இங்கே கணக்கு முடியாமல் ஒருவர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "தெரியலக்கா" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தனியாக பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனார். இதுவரை அவருக்கு வெறுக்கவாவது ஒரு ஆள் இருந்தான். நான் அதையும் எடுத்துவிட்டேன். எங்கள் வண்டியின்மேல் அவர் கேட்டிருந்த இழப்பீடும் இனிமேல் கிடைப்பது கஷ்டம் என்று வக்கீலம்மா அன்று மெதுவாகச் சொன்னார்.

அண்ணனுக்கும் அது தைத்துவிட்டது. "அந்தக்கா என்னை நாலு வார்த்தை கேட்டுட்டுப் போயிருந்தாகூடப் பரவால்ல" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

டிகிரி முடித்து, சொன்னபடியே விழுப்புரத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தேன். அங்கே ஒரு வகுப்பில்தான், அடித்துவிட்டுப் போன வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் இறந்தவர் குடும்பத்துக்கு அரசாங்கத்திடம் இழப்பீடு கேட்க வழி உண்டு என்று தெரிந்துகொண்டேன். அன்று முழுக்க வேறு எதுவும் காதில் ஏறவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். அவன் உடனே பைக்கை எடுத்தான்.

அவர்கள் வீட்டு வாசலில் தாயும் மகளும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உள்ளே வர மாட்டேன் என்று தெருவிலேயே பைக்கோடு நின்றுவிட்டான். என்னைப் பார்த்ததும் அந்த அக்கா மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இன்னாம்மா, கண்டுபுடிச்சிட்டியா?"

"இல்லக்கா. அது என்னால முடியலக்கா" என்றேன். பிறகு வந்த விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன். விண்ணப்பம் போடுவது, அலுவலகங்களுக்கு அலைவது எல்லாம் நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பார்வை என்னைத் தாண்டித் தெருவுக்குப் போனது. வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மகளிடம், "வெயில்ல நிக்குது பாரு. போயி அந்தத் தம்பிக்குத் தண்ணி குடு" என்றார்.

அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினான். குடித்து முடித்த பிறகும் சொம்பைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றான். தோள் குலுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அலுவலகம் அலுவலகமாக அந்த அக்காவோடு ஏறி இறங்கினேன். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார்கள். இத்தனை நாள் வேறொருவர்மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது என்று ஒவ்வொரு மேஜையிலும் விளக்கினேன். ரொம்ப இழுத்தடித்து, ஒருவழியாக இழப்பீடு கிடைத்தது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"பொண்ணு படிப்புக்கு ஆவும்மா" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "இடிச்சவன் எங்கியோ ஒரு வூட்டுல குந்தி சோறு துன்னுக்கினு இருப்பான் இல்ல?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வண்டி எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். வழக்கு ஜெயித்து எங்கள் கட்சிக்காரர்கள் சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம், எதிர்ப்பக்கத்து பெஞ்சில் இன்னும் யாராவது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட் படியில் இறங்குகிறேன்.