வெள்ளிக்கிழமை வரும் தாய்

சென்ற புதன்கிழமை ஒரு காவலாளி என்னை இரண்டே கேள்விகளில் வீழ்த்தினார்.

அரசுக் குழந்தைகள் இல்லமொன்றின் மறுஆய்வுக் குழுவில் நான் கௌரவ உறுப்பினன் என்பதை இந்தப் பத்திரிகைப் பகுதியில் முன்பே சொல்லியிருக்கிறேன் – தேவைக்கு அதிகமாகவே. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஃபைல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, குழந்தை இல்லத்திலேயே இருப்பதா, வீடு திரும்புவதா என்று எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓசூரில் சைக்கிள் கடை நடத்திக்கொண்டே நூலகத்தில் தமிழ் கற்ற எனக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! மற்ற உறுப்பினர்கள் குழந்தையைப் பற்றி யோசித்தார்கள். நான் வாக்கியத்தைப் பற்றி யோசித்தேன்.

அன்று மஞ்சுளா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் ஃபைல் வந்தது. தந்தை இல்லை. தாய் முனிரத்னா, நோயுற்றுப் படுத்தபோது மகளை இங்கே விட்டவர். இப்போது குணமாகி, தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். ஞாயிறு பார்வை நாளுக்கு வருவதில்லை. ஆய்வுக்கு அழைத்தாலும் வருவதில்லை.

‘தாயார் அக்கறை காட்டினாரில்லை, ஆதலின் தற்போதைய நிலையே தொடர்க.’ சென்ற இரு ஆய்வுகளிலும் இப்படி எழுதியவன் நானே. அந்த ‘ஆதலின்’ மீது எனக்குத் தனிப் பெருமிதம் உண்டு.

இல்லத்தில் இடம் போதவில்லை. ஆகவே, பார்க்க வருவோர் இல்லாத குழந்தைகளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பத் தீர்மானித்தோம். முதற்பெயர் மஞ்சுளா. எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் அருந்த வெளியே வந்தேன்.

வாயிலில் காவலாளி சின்னப்பன் மறித்தார். “மஞ்சுளா பாப்பாவ எங்கியோ அனுப்பறீங்களாமே சாமி?”

“ஆம். தாய் எட்டியும் பார்ப்பதில்லையே.”

“யாருங்க சொன்னது?”

“ஃபைலில் இருக்கிறது.”

“அதுல யாருங்க எழுதுனது?”



சின்னப்பன் ஒரு நோட்டை நீட்டினார். வெளியார் கொடுக்கும் பொருள்களை வாயிலில் பதியும் நோட்டு. கடலை உருண்டை, சிவப்பு ரிப்பன், பென்சில், மறுபடியும் கடலை உருண்டை... ஒவ்வொன்றின் எதிரிலும் முனிரத்னாவின் கோணல் கையெழுத்து. எல்லாம் வெள்ளிக்கிழமை.

“அந்தம்மா கம்பெனிக்கு வெள்ளிக்கெழமதானுங்க லீவு. ஞாயித்துக்கெழம தவுர உள்ள உடக் கூடாதுன்னு ரூல்ஸு. கேட்டுக்கு அந்தாண்ட நின்னு புள்ளையப் பாத்துட்டுப் போவும். அவ்ளோ தூரம் அனுப்பிட்டா, ஒரே நாள்ல எப்பிடிங்க போய்ட்டு வரும்?”

மின்சாரப் பற்றாக்குறையால் எங்கள் ஊரில் கம்பெனிக்கொரு கிழமை விடுமுறை. எதற்கு எந்தக் கிழமை என்பது எனக்கு மனப்பாடம் – அன்றுதானே அவர்கள் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள்! கல்லாவில் உட்கார்ந்தால் தெரிவது, கமிட்டியில் உட்கார்ந்தால் தெரியவில்லை.

நோட்டோடு உள்ளே ஓடினேன். கண்காணிப்பாளர் அம்மையார் நிதானமாகப் புரட்டினார்.

“கையெழுத்து ஆயிடுச்சே ஐயா?”

“அடித்துவிடுவோம்.”

“அடிச்சா, காரணம் எழுதணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே!”

பேனாவை எடுத்தேன். ஓர் அலங்காரச் சொல்லும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் எழுதினேன்: ‘விசாரிக்காமல் எழுதிவிட்டேன்.’

இடமாற்றம் நின்றது. முனிரத்னாவின் வீட்டைப் பார்த்து அறிக்கை தரும் பொறுப்பு, தண்டனையாக என் தலையில் விழுந்தது. வெள்ளியன்று பஸ் ஏறிப் பாகலூர் சென்றேன். ஒற்றை அறை. முனிரத்னா எனக்கு நாற்காலி இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

“குழந்தையின் எதிர்காலம் குறித்துத் தாங்கள் வகுத்துள்ள திட்டம் யாது?” என்று கேட்டேன்.

புரியாமல் விழித்தவர், ‘என்ன’ என்று கன்னடத்தில் கேட்டார். “ஏனு சார்?”

“பொண்ணு வந்தா எப்படிப் பார்த்துக்குவீங்க?”

“அதா? இஸ்கூலு அந்தத் தெருதான். எட்மாஸ்டரக் கேட்டுட்டேன், சேத்துக்கறேன்னாரு. நா வர்ற வரைக்கும் பக்கத்தூட்டு அக்கா பாத்துக்கும். ஓவர்டைம் வேணாம்னு சூப்பர்வைசருகிட்ட சொல்லிட்டேன். பாவாட தெச்சாச்சு. குட்டையாப் பூடும் சார், சீக்கிரம் அனுப்புங்க.”

குழுவில் நாங்கள் நால்வர் ஓராண்டாக ஃபைலில் தேடிய திட்டம், மூச்சுவிடாமல் வந்து விழுந்தது. பரீட்சை முடிந்ததும் மகளை அவரிடமே அனுப்பலாம் என்று அங்கேயே எழுதினேன். வாசித்தும் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தவர், உடனே சந்தேகத்தோடு நிமிர்ந்தார்.

“மறுபடி பாக்க வருவீங்களா?”

“ஆறு மாதம் கழித்து வருவேன் அம்மா. விதி அப்படி.”

“வெள்ளிக்கெழமையாப் பாத்து வாங்க சார். வேற நாளு வந்துட்டு, தாய் வூட்ல இல்லன்னு எழுதிடாதீங்க!”