பழசைப் பேசாத கப்பல்

சோசினோமோஸுக்கு நிலமில்லை, ஆடில்லை, குரல் மட்டும் இருந்தது. பிரேயஸ் துறைமுகத்தில், போர்க்கப்பலின் நடுவில் நின்று துடுப்பு வலிப்பவர்களுக்குத் தாளம் சொல்லியே தலை நரைத்தவர்.

ஏதென்ஸில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த வருடம் அது. முப்பது பேரின் கொடுங்கோலாட்சிக்குத் துணைபோன நகரத்தாரும், அதைக் கவிழ்த்த துறைமுகத்தாரும் ஒன்றாக நின்று சத்தியம் செய்திருந்தார்கள்: நடந்த கெடுதலை யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தக் கூடாது. மீறினால் வழக்கு. அண்ணனைப் பறிகொடுத்தவனும் அவனைக் காட்டிக் கொடுத்தவனும் சந்தையில் மீன் விலையைப் பற்றி மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

சோசினோமோஸ் துறைமுகத்தார் பக்கம். அவருக்குக் கிடைத்த கப்பலிலோ பாதிப் பேர் நகரத்தார். சண்டையில் குதிரையையும் தோட்டத்தையும் இழந்து கூலிக்குத் துடுப்பெடுத்தவர்கள்.

"திருவிழா முடிஞ்சதும் சபைக்காரங்க பாக்க வராங்க" என்றார் கப்பல் செலவை ஏற்றிருந்த கல்லியாதெஸ். "கப்பல் நேரா போகணும். இல்லேன்னா என் மச்சான் வந்து தாளம் சொல்லுவான். அவன் குரலும் ஒண்ணும் மோசமில்ல."

கப்பல் நேராகப் போகவில்லை. நகரத்தார் எல்லாரும் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், துறைமுகத்தார் இடப்பக்கம். ஒரு பக்கம் வேகம் காட்ட, மறுபக்கம் வேண்டுமென்றே சுணங்க, கப்பல் வட்டமடித்தது. கேட்டால், இந்தப் பக்கம் வெயில் என்றார்கள், உட்காரும் மெத்தை நனைந்துவிட்டது என்றார்கள். உண்மையான காரணத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம்.

சோசினோமோஸ் ஆட்களைக் கலந்து உட்காரவைத்தார். இப்போது துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின.

"அண்ணே, இவன் முதுகப் பாத்துக்கிட்டு என்னால வலிக்க முடியாது" என்று முன்னால் உட்கார்ந்திருந்த நகரத்தானைக் காட்டினான் துறைமுகத்து மன்தியாஸ். "இவன் அன்னிக்கு..."

"வாய மூடு" என்றார் சோசினோமோஸ். "வழக்காயிடும்."

"யார்கிட்டயாவது சொல்லாட்டி வயிறு வெடிச்சிரும்."

அவர் யோசித்தார். "அவன்கிட்ட சொல்லாத. என்கிட்ட சொல்லு. கரைக்கு வந்தப்புறம், காதோட."

அது சத்தியத்தை மீறுவதாகாது என்று அவர் கணக்குப் போட்டார். செய்தவனிடம் சொன்னால்தானே ஞாபகப்படுத்துவது? அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், மன்தியாஸோடு நிறுத்தாதது. மறுநாள் பார்லி மாவை எண்ணெயில் பிசைந்து வாயில் வைக்கும் முன் பத்துப் பேர் காத்து நின்றார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். சொன்னவர்கள் வயிறு லேசாகித் திரும்பினார்கள், துடுப்புகள் மெல்ல மெல்ல ஒன்றாக விழத் தொடங்கின. ஊர் முழுக்க மறக்கச் சத்தியம் செய்ததையெல்லாம் சோசினோமோஸ் மட்டும் சுமந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாக நகரத்து லிசிதேயோஸ் வந்தான். கப்பலிலேயே வலுவான கை அவனுடையதுதான்.

"எனக்கும் ஒரு அநியாயம் நடந்திருக்குங்க. அந்த ஆட்சியில துறைமுகத்துப் பக்கம் எனக்கு ஒரு வீடு குடுத்தாங்க. ஓடிப்போனவன் வீடு. கூரை ஒழுகுச்சு. அடுப்புக்கு மேல யாரோ கொழந்தை கரியால ஆந்தை கிறுக்கி வெச்சிருந்துச்சு. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். என்ன மாதிரி ஆளுங்க குடியிருந்தாங்களோ. ஆட்சி கவுந்து வீட்டக் காலி பண்ணும்போது கதவ மட்டும் பேத்து எடுத்துட்டுப் போனேன். அதுவும் பூச்சி அரிச்சது."

அந்த ஆந்தை சோசினோமோஸின் மகள் வரைந்தது. அவர் வீட்டு வாசலில் இன்றும் கதவுக்குப் பதில் கம்பளிதான் தொங்குகிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் துடுப்பைப் போட்டுவிட்டு நேராக வழக்குமன்றம் போவான். சபைக்காரர்கள் வர இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"பெரிய கஷ்டம்தான் உங்களுக்கு" என்றார் சோசினோமோஸ்.

"நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான் லிசிதேயோஸ்.

மறுநாள் கப்பல் நூல் பிடித்தாற்போல் போனது. சபைக்காரர்கள் கல்லியாதெஸின் தலையில் மாலை சூட்டினார்கள். பகைவர்களை எப்படி ஒரே பலகையில் உட்காரவைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

"நாம தலையிடக் கூடாது" என்றார் கல்லியாதெஸ். "விட்டுட்டா மனுஷங்க தானா மறந்துருவாங்க. என்ன சோசினோமோஸ்?"

"ஆமாங்க. எல்லாரும் மறந்துட்டாங்க."

வேலை நிலைத்தது. நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று கரையில் உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்தார். பக்கத்துக் கப்பலிலிருந்து நாலைந்து பேர் இறங்கி, ஒருவரை ஒருவர் பார்க்காமல், அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.