கால் பட்டால்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆலைக்கு வந்திருந்த கொரிய என்ஜினியர் கிம்முக்கு எதைப் பார்த்தாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். ஒருநாள் என் கால் ஸ்பேனரில் பட்டுவிட, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"எதுக்கு?" என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

"பொருளோ ஆளோ, கால் பட்டா எங்க ஊர்ல இப்படித்தான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் தரை துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலையம்மாவின் கையில் கிம்மின் பூட்ஸ் பட்டுவிட்டது. உடனே குனிந்து, அந்த ஈரக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயே, இன்னா சார் இது?" என்று பதறியவர், பிறகு சிரித்துவிட்டார். "யாரு சார் உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

கிம் சந்தோஷமாக என்னைக் கைகாட்டினார்.

அஞ்சலையம்மா என்னைப் பார்த்தார். போன வாரம் அதே கையில் என் கால் பட்டபோது நான் நிற்கக்கூட இல்லை. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.