தொலைபேசியோடு அழும் பெண்

கண்காட்சியில் சித்திரக்கதைக் கட்டமொன்றைச் சுவரளவு பெரிதாக வரைந்து மாட்டியிருந்தார்கள். "அம்மா, இது கொப்பி அடிச்சதுதானே?" என்று மகள் கேட்டதும் மனம் போர்க்காலத்தில் நாங்கள் வாழ்ந்த கொட்டாஞ்சேனைக்கு ஓடியது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அண்ணாவைப் பிடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. வாரப் பத்திரிகைச் சித்திரக்கதையில் தொலைபேசியோடு அழுத பெண்ணை, அச்சுப் புள்ளிகள்கூட விடாமல், கதவளவு மட்டையில் வரைந்தேன். பேச்சுக் குமிழில் மட்டும் அம்மா தினமும் புலம்புவதை எழுதினேன்: "மகன், எங்க நிக்கிறாய்?"

பாடசாலைப் போட்டியில் சித்திர ஆசிரியர், "இது களவு பிள்ளை, கொண்டு போம்," என்றார்.

நடுவராக வந்திருந்த மெலிந்த மனிதர் எழுந்தார். அந்தச் சித்திரக்கதையை வரைபவரே அவர்தான்.

"பொம்பிளை என்ர தான், சேர். நான் காதலனுக்கு அழுற பெட்டையைக் கீறினனான். இந்தப் பிள்ளை அவளைத் தாயாக்கிப் போட்டுது."

பிறகு என்னிடம், "கீழ என்ர பேரையும் போடும். உம்மட பேருக்குப் பிறகு," என்றார்.

முதல் பரிசு எனக்கே கிடைத்தது. அம்மா படத்தைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி ஜம்பட்டா வீதியால் நடந்தார். சோதனைச்சாவடியில்கூட இறக்கவில்லை.