ஸ்ட்ராபெர்ரியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் இருந்த என் பேக்கரிக்கு ஸ்ட்ராபெர்ரி கொடுத்தவர், கோவிலம்பாக்கத்தில் ஓலைப்பந்தல் போட்டு அதைப் பயிர் செய்தவர். ஒல்லியான ஆள், தலையில் எப்போதும் ஈரத்துண்டு. பழக்கூடை இருந்தால் சைக்கிளில் ஏறமாட்டார். அத்தனை தூரமும் தள்ளிக்கொண்டே வருவார்.

"ஏறி வரக்கூடாதாண்ணா?"

"ரோடு அப்படி கீது சார். குலுங்கினா பழம் கன்னிப்பூடும்."

ஒரு டிசம்பரில் கல்யாண கேக்குக்கு வாங்கிய பழங்களை, சுத்தமாக இருக்கட்டும் என்று முந்தின நாளே கழுவி வைத்துவிட்டேன். காலையில் எல்லாம் கொழகொழத்துக் கிடந்தன. ஹோட்டல் ஒன்றுக்குப் பழம் கொண்டுபோகும் வழியில் கடைக்குள் வந்த அவர் தட்டைப் பார்த்தார்.

"கழுவினா தாங்காது சார். நான்தான் சொல்லியிருக்கணும்" என்று கூடையை என் மேசையில் வைத்தார்.

"ஹோட்டல்ல என்ன சொல்லுவீங்க?"

"உங்களுக்குக் குடுத்தேன்னா உங்க மேல கோவம் வரும். அழுகிப்பூடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

இந்த வெயிலில் விளைந்த பழம் ஒருநாள்கூடத் தாங்காது என்று ஏற்கெனவே அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த ஹோட்டல்காரர்கள்.

கல்யாணத்தில் எல்லோரும் ஊட்டிப் பழமா என்று கேட்டார்கள். கோவிலம்பாக்கம் என்று ஒருவர் விடாமல் சொன்னேன். என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.