ஸ்டெல்லா சிஸ்டர் தந்த பாதிச் சாவி

"அக்கா, சிஸ்டர் போயிட்டாகக்கா." போனில் முத்துலட்சுமி அழுதாள். நெஞ்சுவலி. ஆமத்தூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "உங்க பாதி ஞாபகம் இருக்குல்லக்கா? எனக்கு என் பாதி இருக்கு."

சிஸ்டரை அறிந்த உங்களில் பலருக்கும் அந்தப் பாதி என்னவென்று தெரியாது. இனிமேல் சொல்லலாம்.

சிவகாசியில் தீக்காயம் பட்டவர்களுக்கான எங்கள் சின்னச் சிகிச்சை இல்லத்தில் அவர் செவிலியர், நான் பிசியோதெரபிஸ்ட். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் காயத்தைப் படமெடுத்து மடிக்கணினியில் சேர்ப்பார். தோல் எப்படி ஆறுகிறது, அடுத்த அறுவை எப்போது என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார். பட்டாசு ஆலை விபத்தில் முகமும் மார்பும் வெந்து வந்த முத்துலட்சுமி, கேமராவைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "இந்தப் படம் வெளிய போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் சிஸ்டர்." சிஸ்டர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னைக்கு வேணாம்மா. முதல்ல நல்ல பூட்டாப் போட்டுட்டு வாரேன்."

அதான் கடவுச்சொல் இருக்கிறதே என்றேன் நான். சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "அது வாசக்கதவு, வசந்தி. கள்ளன் உள்ள இருக்க டிஸ்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனான்னா அம்புட்டும் தெரியும். உள்ள இருக்கதையே எவனும் வாசிக்க முடியாம ஆக்கணும்." பகல் முழுக்க உட்கார்ந்து டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்து முடித்தார். சாவிக்கு நீளமான ஒரு வாசகம் வைத்தார். எங்கள் ஊரில் பாதிக் கம்பெனிகளில் கடவுச்சொல் என்ன தெரியுமா? அவர்கள் விற்கும் வெடியின் பெயர்! அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

அதைப் பார்த்த பிறகு முத்துலட்சுமியும் படமெடுக்க விட்டாள். பிறகுதான் சிஸ்டருக்கு அடுத்த கவலை. "நான் பொட்டுனு போயிட்டா? படமெல்லாம் என்கூடக் குழிக்குள்ள போயிருமே." பட்டாசு ஆலையில் வெடிமருந்து ஒரு அறையில் இருக்கும், திரி ஒரு அறையில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைக்க விடமாட்டார்கள். பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் பிறந்து வளர்ந்த சிஸ்டர் சாவியையும் அப்படியே பிரித்தார். முன்பாதி முத்துலட்சுமிக்கு: "ஒம் படம், ஒஞ் சாவி." பின்பாதி எனக்கு. எழுதி வைக்கக் கூடாது. படங்களின் நகல் ஒன்று, அதுவும் பூட்டுப் போட்டு, விருதுநகரில் தங்கை வீட்டு அலமாரியில். வாரம் தவறாமல் என் காதோடு வந்து, "சொல்லு பாப்போம்" என்பார். உளறினால் அன்று அவர் கையால் காபி கிடையாது.

ஒரு தீபாவளி சீசனில், சிவகாசி பேருந்து நிலையத்தில் கூட்டமோ கூட்டம். மருத்துவரிடம் காட்ட மடிக்கணினியை நான்தான் பையில் எடுத்துப் போனேன். பையைத் தொட்டால் பை இல்லை! நான் போட்ட கூச்சலில் மதுரை பஸ்சே நின்றுவிட்டது. புகார் கொடுத்துவிட்டு வந்தால், விஷயம் கேள்விப்பட்ட முத்துலட்சுமி இல்லத்து வாசலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பொட்டிதான் களவு போச்சு. நீ பத்திரமா இருக்க." சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

சில நாள் கழித்து ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையிலிருந்து போன். சிஸ்டர் ஒலிபெருக்கியில் போட்டார். "ஒருத்தன் விக்கக் கொண்டாந்தான் மேடம். டிஸ்கக் கழட்டி மாட்டிப் பாத்தேன், ஒரு எழவும் தெரியல. இது என்னமோ சரியில்லைன்னு, மேல ஒட்டியிருந்த நம்பருக்குக் கூப்பிடுறேன். வந்து வாங்கிக்கங்க." சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியே விட்டார்! முத்துலட்சுமி முகத்தை மூடாமல் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து, சிஸ்டரின் தங்கை அந்த மடிக்கணினியை எங்கள் முன் வைத்தார். இல்லத்துப் பெண்கள் அத்தனை பேர் படமும் அதற்குள். முத்துலட்சுமி தன் பாதியை அடித்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பாதியை நான் அடிக்க, அவள் திரும்பிக்கொண்டாள். தவறு என்றது திரை. ஐயோ, நான்தான் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன்! மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். திறந்துகொண்டது! துக்க வீடு என்பதையும் மறந்து இருவரும் கத்திவிட்டோம். என்னவோ ஏதோ என்று உள்ளேயிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு, முத்துலட்சுமி தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒன்னோடத அழிச்சிரவா?" என்று கேட்டேன்.

"அழிக்காதீகக்கா. புதுசா வந்திருக்க பிள்ள போர்வைய எடுக்கவே மாட்டேங்குதுல்ல? அதுக்கு நானே காட்டுறேன். எம்புட்டு ஆறிருக்குன்னு அதுவும் பாக்கட்டும்."

சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பின்பாதி. "சொல்லு பாப்போம்" என்று காதோடு கேட்க இப்போது ஆளில்லை. காபி போடும்போது நானே எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை உளறவில்லை, சிஸ்டர்.